ஜெஸ்லினின் மூக்கு

ஜெஸ்லின் என் டேங்கர் லாரியைத் திருப்பி அனுப்பியது எத்தனை வருஷமானாலும் எனக்கு ஆறவில்லை. ஸ்பிரிட் இறக்கிய டேங்கை நானே உள்ளே இறங்கிக் கழுவியிருந்தேன். ஹார்பரில் அடுத்த லோடு பாமாயில். அதற்கு முன்னால் மில்லர்புரத்தில் ஒரு சின்ன லேபில் சோதித்து சர்டிபிகேட் வாங்க வேண்டும். அங்கே எல்லாம் ஜெஸ்லின்தான்.

டேங்க் அடியில் வடிந்ததில் கொஞ்சம் எடுத்து சோடா உப்பைப் போட்டாள். நுரைக்கவில்லை, ஆசிட் இல்லையாம். இன்னொரு குழாயில் ஃபெரிக் குளோரைடைச் சொட்டினாள். ஊதா ஏறவில்லை, ஃபீனாலும் இல்லையாம். கடைசியாக அசிட்டிக் ஆசிட்டும் கந்தக ஆசிட்டும் விட்டுச் சூடாக்கி, கையால் விசிறி மோந்தாள்.

“பழ வாசன வருது அண்ணாச்சி. ஸ்பிரிட்டு இன்னும் கெடக்கு. திரும்பக் கழுவணும்.”

லோடு வேறு வண்டிக்குப் போயிற்று. “ஒம் மூக்கு செத்துப் போவ” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு கொரோனா வந்தது. அவளுக்குக் காய்ச்சல் விட்டது. வாசனை மட்டும் திரும்பவில்லை. மீன் குழம்பு தீய்ந்தாலும் தெரியாது. அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். “ஒங்க வாய் நல்லா பலிச்சிட்டு அண்ணாச்சி.”

ஊரில் எத்தனையோ பேருக்குப் போன வாசனைதான், என் வாயால் போனதில்லை. புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் அன்று வீட்டில் போய்ச் சொன்னேன். “சொல்லுத வார்த்தய பாத்துச் சொல்லணும்” என்று என் பெஞ்சாதி வேறு குத்தினாள்.

நுரையையும் நிறத்தையும் கண் பார்த்துவிடும். பழ வாசனைக்கு மூக்குதானே வேண்டும்? லேப் முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். அவள் தனிக்கட்டை, அந்தச் சம்பளம்தான் சோறு. மனசு கேட்காமல் போய்ச் சொன்னேன்.

“நான் மோந்து சொல்லுதேன். ஒருத்தனுக்கும் தெரியாது.”

“கையெழுத்து என்னுது, மூக்கு ஒங்களுதா? நீங்க லாரிக்காரரு. ஒங்க மூக்குக்கு எல்லா வண்டியும் பாஸ்தான்.”

மறுநாள் முதலாளியிடம் அவளே சொல்லிவிட்டாள். அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். போன வாரம் அவளே கடையை விட்டு இறங்கி வந்து மறித்தாள்.

“எதுக்கு ஒளியுதீய? ஒரு வேல இருக்கு. நாளைக்கு சிலிண்டர் மாத்த வாரான். கேஸ் கசிஞ்சா எனக்குத் தெரியாது. ஒரு எட்டு வந்து அடுப்பங்கரைய மோந்து பாத்துட்டுப் போங்க.”