காதல் நாவல் எழுதிய எங்கள் அம்மா

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, இந்தச் சிறு நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அம்மா பெங்களூரு பீன்யாவில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனவர் என்றுதான் தெரியும். மீதிப் பேருக்கு அவர் காதல் நாவல் எழுதியவர். இரண்டும் உண்மை. இரண்டையும் பல ஆண்டுகள் ஒருசேரச் செய்தவர் அவர். ஒரே மகள் என்ற முறையில், அம்மாவின் வாழ்க்கையை எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது அதே பெங்களூரில் அடுகோடியில், ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். தாத்தா மில் தொழிலாளி. நான்கு பிள்ளைகளில் அம்மா மூன்றாவது. மூத்தவர் எங்கள் பெரிய மாமா. அந்தச் சந்தில் தமிழ் பேசாத வீடு இல்லை, ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த பெண்கள் குறைவு. தமிழ்ப் பள்ளியில் படித்த அம்மா, குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களுக்கு வாரப் பத்திரிகையின் தொடர்கதையை உரக்கப் படித்துக் காட்டுவாராம். ஒரு வாரம் பத்திரிகை கிடைக்கவில்லை. ஏமாந்துவிடப் போகிறார்களே என்று, பழைய இதழைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயத்தைத் தானாகவே இட்டுக்கட்டிப் படித்துவிட்டார். அடுத்த வாரம் உண்மையான கதை வேறு வழியில் போனது. பெண்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"போன வாரம் நல்லாதானே போய்கினு இருந்துச்சு? இப்போ ஏன் இப்படிக் கெடுத்து வச்சிருக்கான்?" என்று பத்திரிகைக்காரரைத் திட்டினார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்காது.

பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு தாத்தா காலமானார். அம்மா தையல் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனார். இருபத்திரண்டு வயதில் கல்யாணம். அப்பா பீன்யாவில் லேத் ஆபரேட்டர். கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே ஒரு வாடகை வீடு, பக்கத்திலேயே ஒரு கார்மெண்ட்ஸில் அம்மாவுக்கு வேலை. தம்பியும் நானும் பிறந்தது அந்த வீட்டில்தான்.

அப்பா பிறந்தது முதல் பெங்களூரு. படித்தது கன்னடத்தில். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் ஒரு தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. வேலையிடத்தில் துணி வெட்ட அளவு வரைந்தது போக மிஞ்சும் நீளத் தாள்களை அம்மா கேட்டு வாங்கி வந்து, அதன் பின்பக்கம் கதை எழுத ஆரம்பித்திருந்தார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, அடுப்பு மூட்டும் முன் ஒன்றரை மணி நேரம். அப்பா ஒருநாள், "இன்னா எழுதற, லெட்டரா?" என்று கேட்டிருக்கிறார். கதை என்றதும், "படி, கேக்கறேன்" என்றாராம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா படிப்பார், அப்பா சுவரில் சாய்ந்து கேட்பார்.

அப்பா அதிகம் பேச மாட்டார். ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வியை அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பையன் இன்னா வேலை செய்றான்?"

"கம்பெனியில."

"ரெண்டு அத்தியாயமா அந்தப் பொண்ணு பின்னாடியே சுத்திகினு கீறான். லீவு யாரு குடுத்தாங்க?"

அம்மாவின் நாயகர்கள் அதற்குப் பிறகு ஒழுங்காக வேலைக்குப் போனார்கள். டவுன் பஸ் கண்டக்டர், லேப் டெக்னீசியன், தபால்காரர், ஏணி சுமந்து வீடு வீடாகப் போகும் கரண்ட்காரர். வேலைக்குப் போய்விட்டு வந்த களைப்போடு காதலித்தார்கள். அம்மாவின் வாக்கியங்களில் நாக்கு தடுக்கும் சொல் எதுவும் இருக்காது. எழுதியதை வாய்விட்டுப் படித்தாக வேண்டிய வீட்டில் எழுதியவர் அல்லவா?

முதல் இரண்டு நாவல்களும் சென்னையிலிருந்து திரும்பி வந்தன. அங்கே மாத நாவல் போடும் ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர், இனி ஒழுங்கான தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி அனுப்பும்படி இரண்டு வரி எழுதியிருந்தார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "தாளைத்தான் குறை சொல்லியிருக்காரு, கதையை இல்ல" என்று அம்மா அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டார். மூன்றாவது நாவல் அச்சாகி வந்தது. அட்டையில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண், ஒரு அருவிக்கு முன்னால் நின்றாள். கதையில் அருவியே கிடையாது.

சொந்தப் பெயரில் எழுதவில்லை. ஆனாலும் விஷயம் அடுகோடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சித்தி கல்யாணத்தில், பந்தியில் எல்லார் முன்னாலும் பெரிய மாமா கேட்டுவிட்டார்.

"வீட்ல பொம்பளைப் புள்ளையை வச்சிகினு காதல் கத எழுதறியாமே? வெக்கமா இல்ல?"

அம்மா தலை குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த அப்பா, கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தார்.

"மச்சான், அவ எழுதறத எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா ஒரு வரி வுடாம கேட்டிருக்கேன். வெக்கப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. நீங்க சாப்புடுங்க."

வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அப்பாவின் வாயிலிருந்து அத்தனை வார்த்தை ஒன்றாக வந்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

அம்மாவின் கதைகள் எங்கிருந்து வந்தன என்று பலர் கேட்பார்கள். கூடத் தைத்த பெண்களிடமிருந்துதான். சாப்பாட்டு இடைவேளையில் அவர்கள் சொல்வதை அம்மா கேட்டுக்கொள்வார். ஆனால் எழுதுவதற்கு முன், "உன் விஷயத்த எழுதலாமா? பேரு, ஊரு எல்லாம் மாத்திடறேன்" என்று நேராகக் கேட்பார். ஒருமுறை ஒரு தோழி முதலில் சரி என்று சொல்லிவிட்டு, நாவல் பாதிக்கு மேல் போன பிறகு, "வேணாங்க்கா, என் வூட்டுக்காரரு கண்டுபுடிச்சிடுவாரு" என்று அழுதிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து அறுபது பக்கங்களைக் கிழித்தார். அந்த மாதம் அம்மாவின் நாவல் வரவில்லை. ஆசிரியர் கோபித்துக்கொண்டு நாலைந்து மாதம் வாய்ப்பே தரவில்லை. காரணத்தை அம்மா அவரிடம் சொல்லவே இல்லை. அந்தத் தோழி அம்மாவின் இறுதி ஊர்வலத்தன்று எங்கள் வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

தம்பியும் நானும் கன்னடப் பள்ளியில் படித்தோம். அப்பாவைப் போலவே எங்களுக்கும் அப்போது தமிழ் படிக்க வராது. கல்லூரியில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், "கார்மெண்ட்ஸ்" என்பேன். நாவல் எழுதுகிறார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அட்டைப்படங்களை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு அவ்வளவு கூச்சம்.

வேலைக்குப் போன மூன்றாம் ஆண்டு, கூட வேலை செய்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக வீட்டில் சொன்னேன். மல்லேஸ்வரத்துக்காரர், கன்னடக் குடும்பம். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா வேண்டாம் என்றார்.

என்னால் நம்ப முடியவில்லை. எழுதிய அத்தனை நாவல்களிலும் காதலித்தவர்களைச் சேர்த்து வைத்தவர், சொந்த மகளுக்கு மாட்டேன் என்கிறார். காரணம் கேட்டால், "வேணாம்னா வேணாம்" என்பதோடு சரி. ஒரே வீட்டில் மாதக்கணக்கில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கோபத்தில்தான் நான் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டேன். அம்மாவின் நாவல்களிலிருந்தே அம்மாவுக்கு எதிராகச் சாட்சி எடுக்க வேண்டும் என்பது என் திட்டம். அலுவலகத்தில் கோயம்புத்தூர்க்காரத் தோழி ஒருத்தி ஒரு தாளில் எழுத்துகளை எழுதிக் கொடுத்தாள். கன்னட வரிசைதான் என்றாலும் நான்கு ஓசைக்கு ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு எப்படிப் படிக்கிறார்கள் என்று முதலில் தலை சுற்றியது. மூன்று மாதத்தில் ஒரு நாவலைத் தட்டுத் தடுமாறி முடித்தேன். அதில் ஒரு மகள், தன் தாயிடம், "நீங்கள் எனக்குக் கொடுத்த தைரியத்தை நீங்களே திருப்பிக் கேட்காதீர்கள்" என்கிறாள். இது போதும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் போய் நின்று அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே, "கதவுத் தாளைத் தொறந்தாள்னு படி. தாலியைன்னு படிக்கற" என்றார் அம்மா. திருத்திவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப கத்துகின?"

"மூணு மாசமா."

"எதுக்கு?"

"உன்கிட்ட சண்டை போடறதுக்கு."

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழத் தொடங்கினார். நான் மீதி வரிகளைப் படிக்கவில்லை.

"கதையில எல்லாரையும் சேத்து வைக்கறியே, எனக்கு மட்டும் ஏன்மா மாட்டேன்ற?" என்று கேட்டேன்.

"கதையில தாலி கட்டின உடனே நான் முடிச்சிடுவேன். அதுக்கப்புறம் அவங்க எப்படிக் கீறாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். நீ அப்படியா? அதுக்கப்புறம்தானே உனக்கு முழுசும் இருக்குது? வேற பாஷை, வேற சாப்பாடு. யாரு உன்னப் பாத்துப்பாங்க?"

அடுத்த வியாழக்கிழமை அம்மா லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மல்லேஸ்வரம் போய்விட்டார். அங்கே நடந்ததை என் மாமியார் பிற்பாடு என்னிடம் சொன்னார். அம்மா கன்னடத்திலேயே பேசியிருக்கிறார். "ஊருல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் எழுத்துல கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன். என் பொண்ணுன்னு வந்தப்போ பயமா இருக்கு" என்றாராம். என் மாமியார், "நனகூ பயானே" என்றாராம், எனக்கும் பயம்தான் என்று. பிறகு இரண்டு பேரும் காபி குடித்துவிட்டு, என்னென்ன பயம் என்று மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் பட்டியலில் முதலாவது என் முன்கோபம்.

அடுத்த ஆவணியில் எங்கள் கல்யாணம் நடந்தது.

அதன் பிறகு அம்மாவின் நாவல்கள் மாறின. கல்யாணத்தில் முடியும் கதைகளை அவர் குறைத்துக்கொண்டார். கல்யாணமான மறுநாள் காலையில் தொடங்கும் கதைகளை எழுதினார். ஒரு புதுப் பெண் மாமியார் வீட்டில் உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டு நிற்பதில் ஒரு நாவல் தொடங்கும். இதைக் காதல் கதை என்று யார் வாங்குவார்கள் என்று ஆசிரியர் தயங்கினாராம். ஆனால் வாசகிகளின் கடிதங்கள் அதற்குப் பிறகுதான் கட்டுக் கட்டாக வந்தன. "முப்பது வருஷமாக ஒருவரோடு வாழ்கிறேன், எங்களைப் பற்றியும் காதல் கதை எழுதலாம் என்று உங்களால்தான் தெரிந்தது" என்று சேலத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்.

பிறகு மாத நாவல்களுக்குக் கஷ்ட காலம் வந்தது. கடைகளில் தொங்குவது குறைந்தது. அந்தப் பதிப்பகமும் மூடப்பட்டது. வேலையிலிருந்தும் அம்மா ஓய்வு பெற்றிருந்த சமயம். ஓராண்டு போல எழுதாமல் இருந்தார். நாலரைக்கு எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அப்பா எனக்குப் போன் செய்தார். தம்பி மனைவிதான் அவர் கையில் ஒரு மொபைலைக் கொடுத்து, கதை போடும் ஒரு ஆப்பையும் காட்டினார். ஒற்றை விரலால் தட்டிப் பழகி, ஆறாவது மாதத்தில் வாரம் இரண்டு அத்தியாயம் போடும் அளவுக்கு வந்துவிட்டார். "முன்னெல்லாம் லெட்டர் வர ஒரு மாசம் ஆகும். இப்போ பத்து நிமிஷத்துல திட்றாங்க" என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது ஒரு தொடர் பாதியில் இருந்தது. ஆபரேஷனுக்கு முன் முடித்தே தீருவேன் என்றார். விரல் ஒத்துழைக்காததால் அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். கடைசி அத்தியாயத்தில், பிரிந்திருந்த கணவன் திரும்பி வருகிறான். அவர்கள் இன்னும் கொஞ்சம் பேசிக்கொள்ளலாமே என்றேன்.

"நிறைய பேசிட்டாங்க. இப்போ ரெண்டு பேருக்கும் பசிக்குது. முற்றும் போடு."

போட்டேன். ஆபரேஷன் முடிந்து பத்தொன்பது நாள் இருந்தார். வலி அதிகம்தான். ஆனால் எங்களை அடையாளம் தெரியாமல் ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு காலை, அப்பா பக்கத்தில் இருக்கும்போதே, அமைதியாகப் போய்விட்டார்.

அம்மாவைக் கடைசி வரை கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், நேரம் பார்க்காமல் ஓடி வந்த நர்சுகளுக்கும், ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மூன்று வாரம் எங்கள் எல்லாருக்கும் சமைத்து அனுப்பிய என் மாமியாருக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார், எழுதுகிறேன். அம்மாவோடு தைத்த தோழிகளுக்கும், முகம் தெரியாத வாசகிகளுக்கும் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதிப்பகம் அனுப்பிய பிரதிகளை அம்மா கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். எழுதியதில் பாதிக்கும் குறைவான நாவல்கள்தான் எங்களிடம் இருக்கின்றன. உங்களில் சிலர் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் அவற்றை வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய மாமா வீட்டு அத்தையிடம் மட்டும் பதினொன்று கிடைத்தன. தயவுசெய்து எடுத்துக் கொடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. நான் இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறேன். ஆனால் ஒன்றுவிடாமல் படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.