நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று

அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். எந்த எலும்பானாலும் நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுக்காமல் விடமாட்டார். வீட்டிலும் அதே கதைதான். மகளுக்கு முதல் பல் முளைத்தாலும், மனைவி புதுக் கண்ணாடி போட்டாலும், "மூச்சப் புடி, அசையாத" என்று நேரே ஒன்று. "சரி, மூச்சு விடு, அந்தப் பக்கம் திரும்பு" என்று இன்னொன்று. ஆக, ஊரார் வீட்டு நினைவுகளைவிட இவர் வீட்டு நினைவுகள் இரண்டு மடங்கு இடத்தை அடைத்தன.

பழைய கைபேசிகளில் இருந்ததையும் சேர்த்து, அத்தனையும் ஒரே கைபேசியில். அதன் திரையில் இப்போது பச்சைக்கோடு ஒன்று விழுந்திருந்தது. சமயத்தில் தானாகவே அணைந்தும் போனது. "சார், படத்தையெல்லாம் சீக்கிரம் எங்கயாவது ஏத்திடுங்க. இது எப்பப் போகும்னு சொல்ல முடியாது" என்று பழுது பார்ப்பவர் கைவிரித்துவிட்டார்.

ஏற்றுவதற்கு கிளவுட் சேவைகளுக்கா பஞ்சம்? ஒன்று மலிவு, ஆனால் படத்தைச் சுருக்கிவிடும். சுருக்கினால் விரிசல் தெரியாது என்று அதைத் தள்ளினார். மகளின் பிறந்தநாள் படத்தில் என்ன விரிசலைத் தேடப்போகிறோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. இன்னொன்றின் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படித்தார். படித்ததில் பயம்தான் கூடியது.

"என்னைக் கட்டிக்க இவ்ளோ யோசிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"உன்னை நேர்ல பாத்தேன். இதுங்க எங்க இருக்குன்னே தெரியலையே."

"நேர்ல மட்டுமா? பக்கவாட்டுலயும் எட்டிப் பாத்தீங்க. மறக்கல."

கல்லூரிக்குப் போகும் மகள்தான் பொறுமையிழந்து, அந்த மலிவான சேவையிலேயே ஏற்ற ஆரம்பித்தாள். கொஞ்சம் ஏறியதும் அது ஒரு யோசனை சொன்னது: ஒரே மாதிரிப் படங்கள் நிறைய இருக்கின்றன, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாமா?

"அப்பா, பாதி இடம் மிச்சம். அழிச்சிடவா?"

"இரு, பாக்கலாம்."

நல்லவை என்று அது பொறுக்கியது எல்லாம் நேர்ப்படங்கள். அவற்றில் மனைவி, மகள், மைத்துனர் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு, விலா எலும்பு முறிந்தவர்கள் மாதிரி நின்றார்கள். அழிக்கச் சொன்ன பக்கவாட்டுப் படங்களில் ஒருவர் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு நேரே சிரிக்க முடியாததை, திரும்பச் சொன்னதும் சிரித்துத் தீர்த்திருக்கிறார்கள். தாடை நேராக இருக்கிறதா என்று பார்த்தவருக்கு, இத்தனை வருடமாக அது கண்ணில் படவில்லை.

"என்னைப் பாத்தா சிரிச்சீங்க?"

"பின்ன, சுவத்தைப் பாத்தா?" என்றாள் மனைவி.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஒண்ணையும் அழிக்காத. இதுலயே எல்லாத்தையும் ஏத்து."

"விரிசல் தெரியாதேப்பா?"

"தெரிஞ்ச வரைக்கும் போதும்."

நடுவில் கைபேசி ஒருமுறை அணைந்துபோனது. ஆனாலும் கடைசிப் படம்வரை ஏறிவிட்டது. புரட்டிப் பார்த்த மகள், அப்பா ஒரு படத்திலும் இல்லை என்று கண்டுபிடித்தாள். உடனே தன் கைபேசியை அவர்பக்கம் நீட்டினாள்.

"மூச்சப் புடிங்க. அசையாதீங்க."

அவர் நோயாளி மாதிரி விறைத்து நின்றார். மூச்சு விடச் சொல்ல அவள் அவசரப்படவே இல்லை.