உப்புப் போத்தலின் முதற்கோடு

செய்தி பொலன்னறுவைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. எழுதியவர் ஒரு சிங்கள ஆசிரியை. திறந்த பாடத் தளம் ஒன்றில் நான் ஏற்றியிருந்த செய்முறைப் பாடத்தைத் தன் மாணவர்களுக்காகச் சிங்களத்துக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தார். சிங்களத்தில் எழுதி, கணினி பெயர்த்த தமிழையும் கீழே ஒட்டியிருந்தார்.

"உங்கள் போத்தலுக்கு எங்கள் குளத்தைப் பிடிக்கவில்லை. வகுப்பில் செய்த அத்தனை போத்தல்களும் நேராக அடிக்குப் போய்விட்டன. நீங்கள் சொல்லும் நல்ல தண்ணீர் எந்தத் தண்ணீர்?"

கடைசிக் கேள்வியைத் திரும்பவும் வாசித்தேன்.

அந்தத் தளத்தில் யாரும் பாடம் எழுதலாம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், தங்கள் மொழியில் போடலாம். எழுதுகிறவருக்குக் காசும் இல்லை, சான்றிதழும் இல்லை. என் பாடம் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கும் போத்தல் பற்றியது. சின்ன மருந்துப் போத்தல் ஒன்றுக்குள் அளந்த மணல், மூடியில் துளையிட்டுச் செருகிய மைதீர்ந்த பேனைக் குழாய், அதைச் சுற்றி மெழுகு. அவ்வளவுதான். உப்பில்லாத தண்ணீரில் போத்தல் தாழ்ந்து, குழாயின் நுனி மட்டும் வெளியே தெரியும். உப்புக் கூடக்கூட மேலே எழும்பும். குழாயில் இரண்டு கோடுகள்: மேற்கோடு நல்ல தண்ணீருக்கு, கீழ்க்கோடு வரை எழும்பினால் அந்தத் தண்ணீர் நெல்லுக்கு ஆகாது. கீழ்க்கோட்டின் அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, உப்பை நிறுத்துக் கரைத்துப் போட்டேன். மணலின் எடையைக்கூடக் கிராமில் கொடுத்திருந்தேன். அதனால்தான் முதலில் அந்த ஆசிரியையின் தராசைச் சந்தேகித்தேன்.

கோடு போட நான் பயன்படுத்தியது நாவற்குடாவில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், இயற்கைத் தண்ணீர்தான் சரியான அளவு தரும் என்று யோசித்துச் செய்தது. பாலத்துக்கு அப்பால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் என் பாடசாலைக்கும் அதே தண்ணீரைப் பிளாஸ்திக் கானில் கொண்டுபோய்த்தான் பிள்ளைகளின் போத்தல்களுக்குக் கோடு கீறிக் கொடுத்தேன்.

சந்திக் கடைக்குப் போய்ப் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கிவந்தேன். அது காய்ச்சி வடித்தது, உப்பே இருக்காது. அதையும் கிணற்றுத் தண்ணீரையும் ஒரே நிழலில் வைத்து ஆறவிட்டேன். சூடு வேறுபட்டாலும் போத்தல் பொய் சொல்லும். கிணற்றுத் தண்ணீரில் வழக்கம்போல் மேற்கோட்டில் நின்ற போத்தல், பற்றரித் தண்ணீரில் அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

என் கணவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கடலுக்குத் தூரமான கரடியனாற்றுக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவர்.

"வந்த நாளில இருந்து சொல்றன், இந்த வீட்டுத் தேத்தண்ணி கரிக்குது எண்டு. ஆர் கேட்ட?"

"அது உங்கட நாக்கு எண்டுதானே நினைச்சம்."

"மாப்பிள்ளைக்கு வாய் நீளம் எண்டு உன்ட அம்மா ஊர் முழுக்கச் சொல்லிட்டாங்க. இப்ப பொலன்னறுவையில இருந்து ஒரு மனிசி எழுதினதும் நம்புறீங்க!"

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மண் எங்களுடையது. எங்கள் கிணறுகளில் இலேசான உப்பு எப்போதும் உண்டு. அதைக் குடித்தே வளர்ந்த நாக்கு அதை நல்ல தண்ணீர் என்கிறது. அந்த நாக்கை நம்பித்தான் முதற்கோட்டைப் போட்டிருந்தேன். உப்பைக் கரைத்ததும் அதே தண்ணீரில் என்பதால் இரண்டாவது கோடும் பிழை. மெய்யாகவே உப்பேறிய தண்ணீரை என் போத்தல் நல்லது என்று காட்டும்.

அந்த நிமிடமே நினைவுக்கு வந்தவர் என் மாணவி ஒருத்தியின் தாய். வட்டை என்னும் வயல்வெளியின் கடைசியில் குத்தகைக்கு எடுத்த காணியில் கோடைச் சிறுபோக நெல் செய்திருந்தார். வாய்க்கால் தண்ணீர் அந்த முனை வரை வரவில்லை. அடுத்த முறை எப்போது என்று தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாலும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்தது வாவியோடு சேரும் ஓடை மட்டும். மகள் செய்த போத்தலை ஓடையில் விட்டுப் பார்த்துவிட்டு, ஞாயிறு விடிய மெசின் போட்டு இறைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அன்று வியாழன்.

தொலைபேசியில் அழைத்தேன். "புள்ள, ஓடையில மெசின் போடாத. போத்தல்ல பிழை இருக்கு."

"என்ன டீச்சர் சொல்றீங்க? நீங்கதானே கோடு கீறித் தந்த?"

"ஓம், நான்தான். அந்தக் கோடுதான் பிழை. சனிக்கிழமை வாறன், பாத்துட்டு முடிவெடுப்பம்."

"கதிர் இன்னும் வெளிய வரல்ல, குடலைக்குள்ள நிக்குது டீச்சர். நாம முடிவெடுக்கும்மட்டும் அது பாத்துக்கொண்டு நிக்காது." பிறகு மெதுவாகச் சொன்னார்: "வாளியால ஓடைத்தண்ணிய அள்ளி ஒரு வரவைக்கு முந்தாநாளே விட்டுட்டன்."

மறுநாள் ஆசிரியர் அறையில் கணித ஆசிரியர் எனக்கு நல்ல புத்தி சொன்னார். "பேசாம அந்தப் பக்கத்த அழிச்சிடுங்க டீச்சர். சம்பளமும் இல்ல, பாராட்டும் இல்ல. பழி மட்டும் எதுக்கு?"

"அழிச்சா, ஏற்கெனவே எடுத்தவங்களுக்கு எப்படித் தெரியும் சேர்?"

"அவங்க ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுதான் அழிக்க ஏலாது."

"ஊர்ல ஆக்களுக்கு வேற வேலை இல்ல," என்று சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய கேள்வி எனக்குள்ளும் இருந்ததுதான். சேவை என்ற சொல் எனக்குப் பொருந்தாது. ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் ஒரு செய்முறையைப் பிசகில்லாமல் செய்து முடித்ததும், அதை அலுமாரியில் பூட்டிவைக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான் என் காரணம். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வெளியே விட்ட ஒன்றை அரைகுறையாக விட்டுப்போக என்னால் முடியாது.

அன்று பிற்பகலே பாடத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் எழுதினேன்: "முதற்கோடு பிழை. இந்தப் பாடத்தைப் பார்த்துச் செய்த போத்தலை நம்பி வயலுக்குத் தண்ணீர் விடவேண்டாம். மணலைக் குறைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் மீண்டும் கோடு போடுங்கள்." பிழை எப்படி வந்தது என்பதையும், கிணற்றின் கதையோடு, மறைக்காமல் எழுதினேன். சிங்கள ஆசிரியை ஒரு மணித்தியாலத்துக்குள் அதைத் தன் மொழியிலும் போட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு குறிப்பு வந்தது. வியட்நாமில் மீக்கொங் ஆற்றின் கழிமுகத்தில் படிப்பிக்கும் ஒருவர், எளிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். என் பாடத்தை எப்போதோ எடுத்திருந்தாராம்; சிவப்பு எழுத்தைக் கணினிப் பெயர்ப்பில் கண்டதும் திரும்பி வந்திருக்கிறார். "ஓடையில் பார்ப்பதானால் ஒரு தண்ணீரை மட்டும் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீர் பாரம், அது அடியால் ஏறும். மேலே ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பாருங்கள். எங்கள் ஓடையில் அப்படித்தான்." அடித்தண்ணீரை எடுக்கும் விதத்தையும் வரைந்திருந்தார்: கல் கட்டிய போத்தல், தக்கை, தக்கையை இழுக்க ஒரு நூல்.

சனிக்கிழமை காலை புதுக் கோடு போட்ட போத்தல்களோடு பாலத்தைக் கடந்தேன். அந்தத் தாய் வரம்பில் நின்றார். வணக்கமும் இல்லை, இருங்க என்ற சொல்லும் இல்லை. வாளியால் தண்ணீர் விட்ட வரவையை, வரம்புகளுக்குள் அடங்கிய அந்தச் சிறு வயல் துண்டை, கையால் காட்டினார். இலை நுனிகள் வெளுத்துச் சுருளத் தொடங்கியிருந்தன.

"இந்த ஒண்டு போனது போகட்டும். மத்ததுக்கு வழி சொல்லுங்க," என்றார்.

தோணியில் ஏறி ஓடையின் நடுவுக்குப் போனோம். கல் கட்டிய போத்தலை இறக்கி, நூலை இழுத்து, அடித்தண்ணீர் எடுத்தோம். பிறகு மேல்தண்ணீர். மருதமர நிழலில் பற்றரித் தண்ணீரோடு வைத்து ஆறும்வரை காத்திருந்தோம். அடித்தண்ணீரில் போத்தல் கீழ்க்கோட்டையும் தாண்டி எழும்பி நின்றது. மேல்தண்ணீரில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே நின்றது. திரும்பவும் எடுத்துப் பார்த்தோம். அதேதான்.

"அப்ப மேலால மட்டும் இழுத்தா?" என்று கேட்டார்.

"இழுக்கலாம். ஆனா மெசின்ட குழாய் அடியிலதானே கிடக்குது."

அவர் வாடிக் குடிசைக்குள் போய் வெறும் எண்ணெய்க் கான் இரண்டை எடுத்துவந்தார். மூடிகளை இறுக்கி, இறைக்கும் குழாயின் வாயை நடுவில் வைத்துக் கயிற்றால் பிணைத்தோம். குழாய் மேல்தண்ணீரில் மிதந்தது. மெசின் தொடங்கிச் சற்று நேரத்தில் வாய் காற்றை உறிஞ்சி இரைந்தது. கயிற்றைத் தளர்த்தி ஒரு சாண் இறக்கியதும் சீராக ஓடியது. குழாயால் வரும் தண்ணீரில் அவர் போத்தலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பகல் திரும்பிக் கச்சான் காற்று எழும்பியதும் ஓடை அலையடித்தது. போத்தல் மேலே ஏறியது. காற்று மேல்தண்ணீரையும் அடித்தண்ணீரையும் கலக்கிவிட்டது. உடனே மெசினை நிறுத்தினார்.

அன்றிலிருந்து காற்று எழும்ப முன் மட்டும் இறைத்தார். அரைவயிற்றுக் கஞ்சி போலத்தான், ஆனாலும் வாய்க்கால் திறக்கும்வரை பயிர் உயிர் பிடித்து நின்றது.

அறுவடை நாளில் என்னைக் கூப்பிட்டார். மற்ற வரவைகளில் கதிர் தலைசாய்ந்து நின்றது. வாளித்தண்ணீர் குடித்த வரவையில் முக்கால்வாசியும் மணி பிடிக்காத சப்பி. இரண்டிலும் ஒவ்வொரு கதிரைப் பிடுங்கி, சாக்கு ஒன்றின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"படம் எடுங்க டீச்சர். கானையும் எடுங்க. கச்சான் எழும்பினா நிப்பாட்டச் சொல்லி எழுதுங்க."

"உன்னையும் ஒரு படம் எடுக்கவா?"

"என்ட மூஞ்சிய ஆர் கேட்ட? கதிரைப் போடுங்க." பிறகு சப்பிக் கதிரை விரலால் தட்டினார். "இதை முதல்ல போடுங்க. உங்கட செவப்பெழுத்த வாசிக்காம விட்டாலும் இதைப் பாத்தா விளங்கும்."

"உன்ட நட்டத்த ஊருக்கெல்லாம் காட்டவா?"

"நட்டம் என்னோட கிடந்தா எனக்கு என்ன லாபம்?" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சிங்கள ஆசிரியையிடமும் மீக்கொங்காரரிடமும் பின்பொருநாள், இதையெல்லாம் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன். தன் வகுப்பின் கடைசி வாங்குப் பிள்ளைகள், அந்தப் போத்தல்கள் ஏன் மூழ்கின என்று கேட்டுக்கேட்டுத் தன்னை விடவில்லை என்று எழுதினார். மீக்கொங்காரர் தன் தமையனின் வயல் ஓடையின் கடைசியில் இருக்கிறது என்றார். கணித ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, கீழ்க்கோட்டுக்குக் கரைக்கும் உப்பைக் கணக்கிடும் சமன்பாட்டில் ஒரு படி தாவியிருப்பதாகச் சொல்லி, பென்சிலால் எழுதித் தந்தார். ஏன் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

படத்தை அறுவடை நாளன்றே ஏற்றியிருந்தேன், அந்தத் தாய் சொன்ன ஒழுங்கில்: முதலில் சப்பிக் கதிர், பிறகு நிறைந்த கதிர், அதன்பின் கான். பாடத்தின் முதற்படியை மாற்றி எழுதினேன்: "உங்கள் வீட்டுத் தண்ணீரை நம்பாதீர்கள்." கணவர் தோளுக்கு மேலால் வாசித்தார். கிணற்றுத் தண்ணீர்த் தேநீர் மேசையில் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, அடுத்த வரியைக் காட்டச் சொன்னார்.