மின்தடை நாளில் அப்பாவின் பேட்டி

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சி தயாரிப்பு என்று ஒரு பாடம் வந்தது. நான் ரேடியோவை எடுத்துக்கொண்டேன். உழைக்கிற ஒருவரை ஐந்து நிமிடம் பேட்டி எடுப்பதுதான் முதல் வேலை. பின்னணியில் வேறு சத்தம் கேட்கக் கூடாது.

"சாமளாபுரத்துக்காரனுக்கு என்னடா, மழைச் சத்தம் ஃப்ரீ," என்றான் பக்கத்து பெஞ்சுக்காரன்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி, அடைமழை மாதிரிச் சத்தம். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில் மட்டும்தான் தறிகள் ஓயும். அந்த நாளுக்காகக் காத்திருந்து அப்பாவை உட்கார வைத்தேன். அவர் சின்ன வயதிலிருந்து தறி ஓட்டுகிறவர், பள்ளிக்கூடமே போனதில்லை. எங்கள் குடும்பத்தில் படிக்கப் போன முதல் ஆள் நான். துவைத்த சட்டை போட்டு, தலை சீவி வந்திருந்தார்.

சார் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். கேள்வி கேட்கும்போது பஞ்சு உறை போட்ட மைக் என் வாயை ஒட்டி இருக்கும், பதிலுக்கு அவர் பக்கம் போகும். கண் மட்டும் ஒலி அளவு காட்டும் மீட்டரை விட்டு நகரக் கூடாது.

"தறி வேலைக்கு எத்தன வயசுல வந்தீங்கப்பா?"

"காலைல ஆறு மணிக்குப் போனா ராத்திரி ஏழாயிருமுங்க."

மைக்குக்கு மரியாதை கொடுத்துப் பேசினார். பதில் பொருந்தாததைப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்த வேலைல உங்களுக்குப் புடிச்சது எதுங்க?"

"ரெண்டு பசங்க. பெரியவன் பதினொன்னாவது படிக்கறானுங்க."

ஐந்தாறு கேள்விகள் இப்படியே போயின. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. மைக் மறைத்திருந்த என் வாயைத் தேடிக்கொண்டிருந்தார். தறிக் குடோனுக்குள் இருக்கிற சத்தத்தில் எல்லோருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அவர் அப்படித்தான் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

மைக்கை இறக்கினேன். "அப்பா, காது கேக்கலீங்களா?"

"மந்தமாப் போச்சு கண்ணு. ஆஸ்பத்திரில பாத்தாச்சு. தறிய உட்டாத்தான் மிச்சமாவது நிக்குமாம். உட்டுப்போட்டு என்ன பண்றது? அம்மாகிட்டச் சொல்லிப்போடாத, சாமி. நீ கேளு, நான் சமாளிச்சுக்கறேன்."

கேள்வியைத் தாளில் எழுதிக் காட்டலாமே என்று தோன்றியது. தோன்றிய கணமே, அவருக்குப் படிக்கத் தெரியாதது நினைவு வந்து வெட்கமாக இருந்தது. அதற்குள் கரண்ட் வந்து தெருவே அதிர ஆரம்பித்தது. அப்பா எழுந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலைக்குப் போனார். போகாதீங்க என்று சொன்னாலும் அடுத்து என்ன சொல்வது?

மறுநாள் பள்ளியில் அவருடைய பதில்களுக்குப் பொருந்துகிற மாதிரி என் கேள்விகளை மாற்றிப் பேசி ஒட்டினேன். "எப்படிடா உங்கப்பா இவ்வளவு தெளிவாப் பேசறாரு!" என்று சார் வகுப்புக்கே போட்டுக் காட்டினார்.

அதைக் கேள்விப்பட்ட அம்மா விடவில்லை. "அவிய பேசுனத அவியளுக்கே போட்டுக் காமி."

ஹெட்ஃபோனை அப்பாவின் தலையில் மாட்டினேன். அம்மா எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துத் தலையாட்டினார்.

"நல்லாத்தான் பேசிருக்கறன்."

நான் இன்னும் ப்ளே பொத்தானை அழுத்தியிருக்கவில்லை.

"சத்தம் பத்துதுங்களா?" அம்மா கேட்டாள்.

"பத்துது, பத்துது."

அழுத்தாமலே, ஐந்து நிமிடம் ஆகட்டும் என்று அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.