ராஸ்பெர்ரி பருவத்துக் காய்ச்சல்

காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆலை ஒன்று எங்கள் ஊர் எல்லையில் இருக்கிறது. அங்கே ஆட்களை ஏற்றிப் போகும் பேருந்தை ஓட்டுவதுதான் என் பிழைப்பு. பேருந்து ஓட்டுகிறவனுக்கு முதுகிலும் காது முளைத்துவிடும். ராட்மிலாவைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதி அந்தக் காதில் விழுந்தது. மீதி, பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் வேலிக்கு மேலே பார்த்ததும் கேட்டதும்.

அவளும் தேசாங்காவும் ஒரே மேசையில் பல வருடம் வயர் கட்டினார்கள். தேசாங்கா அவளுக்குக் கல்யாணச் சாட்சியாக நின்றவள். எங்களிடம் அந்த உறவுக்கு 'கூமா' என்று பெயர். கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், கூமாவோடு போடக் கூடாது.

ராட்மிலாவுக்குக் கையெழுத்து அழகு, வாய் குறைவு. அதைப் பார்த்தோ என்னவோ, ஆலை இயக்குநர் யெலிச் அவளை மேசையிலிருந்து எடுத்து ஆள் நிர்வாக அலுவலகத்தில் உட்கார வைத்தார். பட்டம் இல்லாமல் அந்த நாற்காலி நிலைக்காது என்றார்கள். சனிக்கிழமைதோறும் சாச்சாக் நகரத்துக்குப் போய் மனித வள மேலாண்மை படிக்க வேண்டும். செலவு ஆலையுடையது. படித்து முடித்தபின் ஐந்து வருடம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் விட்டால் மொத்தச் செலவையும் திருப்பிக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்ட அன்று ஊரே அவளைப் பாராட்டியது. நானும்தான்.

பேருந்தில் அவள் புத்தகத்தைத் திறந்தால் போதும், தேசாங்கா ஆரம்பித்துவிடுவாள்.

"நிலக்கரி ஒரு வளம். காட்டு மரம் ஒரு வளம். ஒண்ணைத் தோண்டுறாங்க, ஒண்ணை வெட்டுறாங்க. இப்ப எங்களையும் அதுல சேர்த்துட்டாங்களாடி?"

"சும்மா இரு கூமா, நாளைக்குப் பரீட்சை."

"அது என்ன படம், கோபுரம் மாதிரி?"

"மனுஷனுக்கு என்னென்ன தேவைன்னு அடுக்கியிருக்காங்க. கீழ சோறு, தூக்கம். மேல போகப் போக மதிப்பு, மரியாதை."

"ராஸ்பெர்ரி எந்த மாடில இருக்கு?"

பேருந்து முழுக்கச் சிரித்தது. நான் பிரேக்கில் கால் வைக்க வேண்டியதாயிற்று.

சிரித்தாலும் விஷயம் அதுதான். எங்கள் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தால் அதில் ராஸ்பெர்ரி இருக்கும். ஜூன் கடைசியில் பழுக்க ஆரம்பித்தால் அது யாருக்காகவும் காத்திருக்காது. இன்று பறிக்காதது நாளைக்குக் கூழ். ஆலைச் சம்பளத்தை மட்டும் நம்பிக் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. ஆகவே அந்த நாட்களில் ஆலையில் பாதிப் பேருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், மீதிப் பேருக்குக் காய்ச்சல். மருத்துவரும் மறுபேச்சுப் பேசாமல் விடுப்புச் சீட்டு எழுதித் தருவார். அவருக்கும் ஒரு தோட்டம் இருக்கிறது. ராட்மிலாவும் மேசையில் இருந்த காலத்தில் வருடா வருடம் காய்ச்சலில் விழுந்து, தேசாங்காவின் சரிவில் பழம் பறித்தவள்தான்.

படிப்பின் கடைசியில் ஓர் ஆய்வு எழுத வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் ஏன் வேலைக்கு வராமல் போகிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டாள். பேருந்திலேயே எல்லோரிடமும் கேட்டாள். வேறு யாராவது கேட்டிருந்தால் இவர்கள் காது கேட்காத மாதிரி சன்னலுக்கு வெளியே பார்த்திருப்பார்கள். கேட்டது ராட்மிலா. அதனால் கொட்டித் தீர்த்தார்கள்.

"என் பேரைப் போட்டுறாதே" என்றாள் தேசாங்கா.

"யார் பேரும் வராது கூமா. இது உங்க நல்லதுக்குத்தான். பறிக்கிற மாசத்துல முறை வச்சு லீவு குடுங்க, ஷிஃப்டை மாத்துங்க, யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லைன்னு எழுதப்போறேன்."

எழுதினாள். அவள் பொய் சொல்லவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கடைசி அத்தியாயம் முழுக்க அதுதான். ஆய்வைத் தேர்வாளர்கள் முன் விளக்கிப் பேசும் நாளில் இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாராம். மதிப்பெண் பத்துக்குப் பத்து. அன்றைக்கு அவள் வீட்டுத் தோட்டத்தில் நாங்கள் குடித்த பிளம் பிராந்தி இன்னும் என் தொண்டையில் இருக்கிறது.

அடுத்த ஜூனில் ஆலை வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். பழப் பருவத்தில் நோய் விடுப்பு எடுப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பார்களாம். யார் சரிவு எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரரான இயக்குநருக்கு எப்படித் தெரியும்? பட்டம் வாங்கிய ராட்மிலாதான் காரில் கூடப் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னாள்.

"கடைசி அத்தியாயத்தைப் படிங்க சார்னு கேட்டேன் அண்ணே. 'படிச்சேம்மா, ரொம்ப அழகா இருந்தது. அது படிப்பு, இது உற்பத்தி'ன்னுட்டார்."

"வேலையை விட்டுட்டு வாயேன்."

"எதைக் கொண்டுபோய்க் கட்டுறது? வீட்டையா? எங்க வீட்டுக்காரருக்கு முதுகு போய் ரெண்டு வருஷமாச்சு. மகள் வேற இப்பதான் காலேஜுல சேர்ந்திருக்கா." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கதவைத் திறந்து விட்டாங்கன்னு நினைச்சு உள்ள போனேன் அண்ணே. வெளிய வர வழியைக் காணோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

தேசாங்காவின் சரிவுக்கு அவர்கள் போனபோது அவள் வாளியை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாளாம், விரலெல்லாம் சிவப்பு. இயக்குநர், "உடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். தேசாங்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ராட்மிலாவைப் பார்த்து, "வந்துட்டியா கூமா? அந்தக் கடைசி வரிசை உனக்குத்தான் விட்டு வச்சிருக்கேன்" என்றிருக்கிறாள். அந்த வாரமே தேசாங்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். கடிதத்தில் ராட்மிலாவின் அழகான கையெழுத்து.

பேருந்தில் ராட்மிலாவின் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

ஆகஸ்ட் இரண்டு, புனித எலியா நாள். எங்களிடம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர் உண்டு, அவர் நாள்தான் அந்த வீட்டின் திருநாள். ராட்மிலாவின் கணவன் ரதோயேவின் வீட்டுக்கு அவர்தான் குடும்பப் புனிதர். இந்த நாளுக்கு எங்களில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். வேண்டியவர்கள் ஒரு வருடம் வராமல் போனால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், உறவு முடிந்தது. ராட்மிலா இரண்டு ஆட்டுக்குட்டி வாட்டச் சொன்னாள். 'ஒன்று போதும்' என்று ரதோயே சொன்னது எனக்குக் கேட்டது. அவள் இரண்டாவதுக்கும் உப்புத் தடவினாள்.

நான் போனேன். என் மனைவி வரவில்லை. நீளமான மேசை, வெள்ளைத் துணி, நடுவில் உயரமான மெழுகுவர்த்தி, அதன் பக்கத்தில் அலங்கரித்த ரொட்டி. நாற்காலிகள் எல்லாம் காலி. வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ராட்மிலா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். எல்லாமே தெருவில் போன வண்டிகள்.

மதியம் தாண்டி ஒரு வண்டி நின்றது. கையில் பூங்கொத்தும் விஸ்கியுமாக இயக்குநர் யெலிச் இறங்கினார்.

"வாழ்த்துகள்! என்ன, நான்தான் முதல் ஆளா? மத்தவங்க சாயந்திரம் வருவாங்களோ?"

"ஆமா சார்" என்றாள் ராட்மிலா.

திருநாள் ரொட்டியைச் சடங்குப்படி சுற்றிப் பிடித்துத் திருப்பி உடைக்க ஆள் வேண்டும். ரதோயே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எதிரே இயக்குநர். அதிர்ஷ்டம் என்று சொல்லும் பெரிய துண்டு அவர் கையில் வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். விருந்தாளி இருக்கும்வரை வீட்டுக்காரர்கள் உட்காரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே அவர் சாப்பிட, ராட்மிலா அவர் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

வெயில் சாய்ந்தபோது வாசலில் தேசாங்கா நின்றாள், கறுப்புப் பாவாடையும் தலைத்துணியுமாக. ராட்மிலா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். தேசாங்கா உள்ளே வந்து முறைப்படி கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தாள். ராட்மிலா அழுதேவிட்டாள். ஓடிப்போய், வந்தவர்களுக்கு முதலில் நீட்டும் பழப்பாகுக் கிண்ணத்தையும் தண்ணீரையும் கொண்டுவந்தாள். தேசாங்கா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு மெதுவாகச் சுவைத்தாள்.

"என் தோட்டத்துப் பழம்" என்றாள்.

"நீ குடுத்ததுதான் கூமா, போன வருஷம்."

தேசாங்கா கிண்ணத்தை இயக்குநர் பக்கம் நகர்த்தினாள். "நீங்களும் எடுத்துக்குங்க சார். காய்ச்சல்ல பறிச்சது, இனிப்பு ஜாஸ்தி."

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிரித்து வைத்தார். ஒரு கரண்டி சாப்பிடவும் செய்தார். திருநாளில் சண்டை கூடாது, அது அவருக்கும் தெரியும்.

தேசாங்கா கொஞ்சம் கறி சாப்பிட்டாள், ஒரு கோப்பை ஒயின் குடித்தாள், எழுந்தாள். ராட்மிலா வாசல்வரை கூடவே போனாள். நான் அங்கே புகைத்துக்கொண்டிருந்தேன்.

"வராம போயிடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன் கூமா."

"புனிதருக்காக வந்தேன். அவர் எனக்கு ஒண்ணும் பண்ணலையே. அடுத்த வருஷமும் வருவேன்." தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். "டிசம்பர்ல எங்க வீட்டுத் திருநாளுக்கு நீ வராதே."

எனக்கு அறுபது வயதாகிறது. வா என்று யாரும் சொல்லாத நாள் அது. வராதே என்று ஒருவர் சொல்லி நான் முதன்முறையாகக் கேட்டது அன்றுதான்.

தேசாங்கா மேட்டில் ஏறி மறையும்வரை ராட்மிலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சிகரெட்டை அணைத்தேன். உள்ளே மெழுகுவர்த்தி இன்னும் பாதிகூட எரிந்திருக்கவில்லை. "ராட்மிலா, ஒரு காபி கிடைக்குமா?" என்று இயக்குநரின் குரல் வந்தது.

"இதோ சார்" என்றாள். காபி கொடுத்துவிட்டு மறுபடியும் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.