நைனாவின் நெஞ்சுவலி

நைனாவுக்கு நெஞ்சு வலித்தது ஒரே ஒரு தடவைதான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். படகைக் கரையேற்றும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டார், ஒரு ஏப்பம் விட்டார், சரியாகிவிட்டது. அதை மாமா பார்த்துத் தொலைத்ததுதான் வினை.

மாமா அம்மாவின் தம்பி. கொட்டிவாக்கம் குப்பத்தில் வைத்தியச் செய்தி என்றால் அவர்தான். டீக்கடைப் பேப்பரில் கொஞ்சம், செல்போனில் மிச்சம் என்று படித்துவிட்டு வருவார். ஒரு வாரம் தேங்காய் விஷம், அடுத்த வாரம் அதுவே அமிர்தம். அந்தச் செய்திகளோடு வரும் படத்தில் எப்போதும் டை கட்டிய ஓர் ஆம்பளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதை நைனாவின் மூக்குக்கு நேரே நீட்டி, "பாரு மச்சான், அன்னிக்கு நீ இப்டித்தான் புடிச்சிக்கினு இருந்தே" என்பார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். புயலுக்கே அஞ்சாத மனுஷன் அந்த டை கட்டியவருக்குப் பயந்து கடலுக்குப் போவதை நிறுத்தினார். அம்மா மற்றவர்கள் பிடித்த மீனை ஏலத்தில் எடுத்து, கூடையை இன்னும் நிரப்பிக்கொண்டு கிளம்பினாள்.

நல்ல இதய டாக்டரைக் கண்டுபிடிக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. அடையாறு தெருக்களில் மீன் விற்பவளுக்கு எந்தெந்த வீட்டில் நெஞ்சு ஆபரேஷன் ஆனது என்று தெரியாதா? டாக்டர் போர்டில் பெயருக்குப் பின்னால் ஓடும் எழுத்தையெல்லாம் அவள் நம்பவில்லை. ஆபரேஷன் ஆனவர் தானே வாசலுக்கு வந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, வஞ்சிரத்துக்குப் பேரம் பேசினால் அவருடைய டாக்டர் கெட்டிக்காரர். இவளைத் தாண்டிக் கீரைக்காரியைக் கூப்பிடும் வீடு என்றால் அந்த டாக்டர் வேண்டாம். கடைசியில், பேரத்தில் அம்மாவையே திணறடித்த ஒரு பெரியவரின் டாக்டர் தேறினார்.

ஆழ்வார்பேட்டையில் கிளினிக், மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. நைனா மாமாவின் தோளைப் பிடித்து ஏறினார். வியாபாரம் முடித்து நேரே வந்த அம்மா, கூடையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். படி திரும்பும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பகலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டாக்டர் டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டு, "ஹார்ட் கல்லு மாதிரி இருக்குப்பா, அது வெறும் வாயு" என்றார். மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு டாக்டர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து அவள் காலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"எத்தனை நாளா இப்படி மூச்சு வாங்குது? ஏறிப் படும்மா."

அம்மா பதறிப்போனாள். "ஐய, எனக்கு இன்னா சார்? நான் நல்லாத்தான் கீறேன். பொடவையெல்லாம் கவுச்சி, உங்க பெட்டு நாறிப்பூடும்."

"அப்ப நாளைக்கு வா. கண்டிப்பா வரணும்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். நாளைக்கு நைனா மறுபடி கடலுக்குப் போகிறார், மீன் வரும், அவள் எங்கே வருவது?

ஆட்டோவில் எல்லோருக்கும் குஷி. "இன்னாம்மா, இவ்ளோ பெரிய டாக்டரு, யாருக்கு ஒடம்பு சரியில்லன்னுகூட அவருக்குத் தெரியலியே!" என்றேன். நைனா சிரித்தார், மாமா சிரித்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அம்மாதான், மூச்சு வாங்க வாங்க.