துளை வழியாக எல்லாம் தெரிந்தது

எனக்கு வலது கண் ஒன்றுதான் மிச்சம். ஐம்பது வயதில், இங்கே மலேசியாவில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தபோது செம்பனை மட்டை சரிந்து, அதன் முள் இடது கண்ணை வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த என் கூட்டாளி, "விடு லா, சுடும்போது எப்படியும் அந்தக் கண்ண மூடத்தானே போற" என்றான். நானும் சிரித்தேன்.

அவனும் நானும் இருபது வயதில் ராணுவத்தின் தொண்டர் படையில் சேர்ந்தவர்கள். வாரநாளில் தோட்டத்து வேலை, வாரக்கடைசியில் பயிற்சி. அங்கேதான் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி என் கைக்கு வந்தது. நட்டு வைத்தால் என் நெஞ்சைத் தொடும் நீளம். நல்ல கனம். சுட்டால் தோளில் ஓங்கிக் குத்தும். குறி பார்க்கக் கண்ணாடி எதுவும் கிடையாது. கண்ணுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தகட்டில் சின்னத் துளை, குழலின் நுனியில் ஓர் இரும்புக் குச்சி, அவ்வளவுதான். துளை வழியாகக் குச்சியைப் பார்க்க வேண்டும். குச்சி கூர்மையாகவும் தூரத்துக் குறி அட்டை சற்று மங்கலாகவும் தெரிந்தால் சரியாகப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

எனக்கு அந்தக் குச்சி மேல் பைத்தியம் என்றே சொல்ல வேண்டும். விடிந்தது முதல் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் கத்தலைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். மூச்சை அடக்கிக் குச்சியைப் பார்க்கும் அந்த நாலைந்து விநாடியில் என்னை யாரும் ஏவ முடியாது. பிறகு இலேசான கறுப்புத் துப்பாக்கிகள் வந்தன, அதற்கும் பிறகு அவற்றின் மேல் கண்ணாடிக் குழாயும் வந்து உட்கார்ந்தது. விளையாட்டுச் சாமான் என்று நானும் கூட்டாளியும் வாய் வலிக்கக் கேலி செய்தோம்.

ஓய்வு பெற்ற பிறகும் பழைய ஆட்களுக்காக வருடத்துக்கு ஒருமுறை, போர்ட்டிக்சன் போகும் வழியிலிருந்த திடலில் பழைய துப்பாக்கிகளை வெளியே எடுப்பார்கள். ஆளுக்குப் பத்துத் தோட்டா. அந்தப் பத்துக்காக மிச்ச நாளையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் பார்வை மங்கத் தொடங்கியது. எனக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி, மலாயில் கெஞ்சிங் மானிஸ், வந்து வெகுகாலம். கிளினிக்கில் மிஸி, அதாவது நர்ஸம்மா, எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். மேல் இரண்டு வரிக்குக் கீழே நகர முடியவில்லை. உடனே சிறுசிறு துளைகள் போட்ட கறுப்புத் தகடு ஒன்றைக் கண்ணெதிரே பிடித்தார். என்ன ஆச்சரியம், கீழ்வரி வரை பளிச்சென்று படித்துவிட்டேன்! இது என் துப்பாக்கித் துளையல்லவா என்று மனசு குதித்தது.

"கண்ணாடி போட்டா எழுத்து தெரியும் அங்கிள். ஆனா உங்களுக்கு கெஞ்சிங் மானிஸ் இருக்கு, கண்ணு உள்ளுக்குப் படம் எடுக்கணும்" என்று மிஸி தேதி எழுதிக் கொடுத்தார். பார்த்தால், அது நாங்கள் சுடப் போகும் நாள்.

"சுடுறது அடுத்த வருஷமும் வரும். போய் படம் எடுத்துட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

"தொளையில நல்லா தெரியுதே. கண்ணு கெட்டிருந்தா எப்படித் தெரியும்?" என்றேன். நாற்பது வருடம் துளை வழியாகப் பார்த்தவனுக்கு இவர்கள் பாடம் எடுக்க வருகிறார்களா என்ற திமிர். திடலுக்கே போனேன். பத்தில் எட்டு விழுந்தது. அட்டையைக் கேட்டு வாங்கி வந்து அவள் முன்னால் விரித்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு காலண்டர் அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் அதன் வழியாக எதிர்வீட்டுக் காரின் நம்பரைப் படிப்பேன். நானே வாத்தியார், நானே மாணவன், தினமும் பாஸ். கிளினிக்கில் மறுபடி கொடுத்த தேதியையும் விட்டேன். மனைவி சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் சுடும் நாளுக்கு முந்தின வாரமே காலண்டர் அட்டையில் நம்பர் உடைந்து உடைந்து தெரிந்தது. துளை அடைத்துக்கொண்டது என்று புதிதாக ஒன்று குத்தினேன். திடலில் படுத்துக் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தேன். துளை இருந்தது. குச்சி நிற்க வேண்டிய இடத்தில் கரி அப்பியதுபோல ஒரு கறுப்பு. தலையை நகர்த்தினால் ஓரத்தில் குச்சி எட்டிப் பார்த்தது, அதை நேராகப் பார்த்தால் ஓடிவிட்டது.

"டேய், குச்சி இருக்கா பாரு" என்றேன், பக்கத்தில் படுத்திருந்த கூட்டாளியிடம்.

அவன் எட்டிப் பார்த்தான். "இருக்குடா. நேரா நிக்குது."

பழக்கத்தை நம்பி ஒன்று சுட்டேன். அட்டைகளுக்குக் கீழே குழியில் இருந்தவர்கள் கொடியை அசைத்தார்கள்: அட்டையில் படவே இல்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துக் கையைத் தூக்கினேன். அதிகாரி வந்து மிச்சத் தோட்டாவைக் கழற்றிக்கொண்டார். நான் எழுந்திருக்காமல், முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதேன். எங்கப்பா செத்தபோதும் அப்படி அழுததில்லை.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர் மலாயில் பொறுமையாகச் சொன்னார். துளை சரிசெய்வது கண்ணின் முன்பக்கத்து மங்கலை மட்டும்தான். பின்பக்கத் திரையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அதைத் துளை காட்டிக் கொடுக்காது. முதல் தேதிக்கே வந்திருந்தால் ஊசியோ லேசரோ வைத்து நிறுத்தியிருக்கலாம். இனி நடுப்பார்வை திரும்பாது, ஓரத்தில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே மருந்துக்காக உட்கார்ந்திருந்தோம். சொன்னேனே கேட்டீர்களா என்று மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்னைப் பாருங்க" என்றாள்.

திரும்பினேன். ஒரு பக்கம் தோடு தெரிந்தது. மேலே நரைமுடி, கீழே சேலைக்கரை. நடுவில் அதே கறுப்பு.

"தெரியுதா?"

"நல்லா தெரியுது" என்றேன்.

"அப்ப நான் அழறேனா, சிரிக்கிறேனா, சொல்லுங்க."

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவள் சத்தமே போடவில்லை.